குளக்கட்டில் ஒரு நாள்: படுவான்கரைக்கு உயிரினம் பார்க்க வருகிறவர்கள் கேட்பவை

மாதத்துக்கு ஒரு தடவையாவது யாரையேனும் கூட்டிக்கொண்டு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குளக்கட்டு ஒன்றில் போய் உட்காருவது என் வழக்கம். கொழும்பிலிருந்து வந்த மச்சான் கேட்டதையே கனடாவிலிருந்து வந்த சித்தியும் கேட்டார். போன மாதம் பக்கத்து வீட்டு ஆசிரியையும் அதையே கேட்டார். இனி ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மிருகம் பார்ப்பதென்றால் பூங்காவுக்குத்தானே போக வேண்டும்? ஜீப் பிடிக்க வேண்டாமா?

வேண்டாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல் உள்ள பக்கமெல்லாம் குளமும் உண்டு. குளத்தில் பறவைகள் உண்டு, முதலை உண்டு. காட்டோரக் குளமாக இருந்தால் மாலையில் யானையும் வரும். இதற்கெல்லாம் டிக்கெட் இல்லை.

ஜீப்பில் போகிறவர் மிருகத்தைத் துரத்திக்கொண்டு போகிறார். மூன்று மணி நேரம் குலுங்கி, புழுதி குடித்து, புதருக்குள் மறையும் நாலு வால்களைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். குளக்கட்டில் மரநிழல் பார்த்து உட்கார்ந்தவருக்கு அந்த அலைச்சல் இல்லை. தண்ணீர் குடிக்க எல்லா உயிரும் குளத்துக்குத்தான் வந்தாக வேண்டும். பூங்காக்களைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன், அவையும் நல்லவைதான்.

எந்தக் குளம்? எப்படிப் போவது?

மட்டக்களப்பு நகரிலிருந்து முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது உன்னிச்சைக்குளம். வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகப் போகலாம். மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ போதும். பாதையில் இரு பக்கமும் வயல் என்பதால் பயணமே பாதி வேடிக்கை. மட்டக்களப்பில் நீங்கள் குடிக்கும் குழாய்த் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்து வருவதுதான் என்பதையும் சொல்லி வைக்கிறேன். போகிறவர்கள் பொலித்தீனைப் போட்டுவிட்டு வராமலிருக்க இது உதவுகிறது.

வடக்கே உறுகாமம், வாகனேரி. தெற்கே வெல்லாவெளிப் பக்கம் நவகிரிக்குளம். எல்லாவற்றிலும் ஒரே முறைதான். கட்டில் நடக்கலாம், உட்காரலாம். வான்கதவுப் பக்கமும், துருசு என்னும் மதகுப் பக்கமும் ஏறி விளையாடக் கூடாது. வயலுக்குள் இறங்குவதானால் அங்கு நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வரம்பை மிதித்து உடைத்துவிட்டு வரும் விருந்தாளியை யாரும் இரண்டாம் தடவை விரும்புவதில்லை.

விடிய முன்னரே எழும்ப வேண்டுமா? ஆறுதலாகப் போனால் என்ன?

ஆறுதலான நாள்தான், ஆனால் தொடக்கம் மட்டும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். ஆறு, ஆறரைக்குக் கட்டில் இருங்கள். குளிர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நமது ஆறுகள் மேற்கே காட்டிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. ஆற்றை மறித்த கட்டும் ஆகையால் பெரும்பாலும் குளத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். எதிரே நிற்கும் பறவையின் மேல் வெளிச்சம் முழுதாக விழும். மூக்கின் மஞ்சள் வரை தெரியும்.

பின்னேரம் இது தலைகீழாகிவிடும். வெயில் கண்ணுக்குள் அடிக்கும், பறவை எல்லாம் கரித்துண்டு போலத் தெரியும். அந்த நேரம் யானைக்கு. யானையைக் கறுப்பாகப் பார்த்தாலும் யானைதான்.

எந்த மாதம் நல்லது?

என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இருக்கும். உள்ளான்களும் தகைவிலான்களும் காட்டு வாத்துகளும் அப்போதுதான் வரும். ஆறுமணிக்குருவியும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. இமயமலை அடிவாரம் வரை வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, நம்முடைய பற்றைக்குள் வந்து மாரியைக் கழிக்கிறது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கத்துவதால் அந்தப் பெயர். ஆனால் நவம்பர், டிசம்பரில் நமது மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் பாதையும் தெரியாது, பறவையும் தெரியாது. ஜனவரிக் கடைசியும் பெப்ரவரியும் நல்ல நடுவழி.

யானை வேண்டுமென்றால் தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள், ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தண்ணீர் வற்றி, குளத்தின் அடிநிலம் வெளியே வந்து, அதில் புல் பச்சையாக முளைத்திருக்கும். எஞ்சிய தண்ணீரில் மீன் நெருங்கிப்போய்க் கிடப்பதால் கொக்கும் நாரையும் அங்கேயே குவியும். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கும்.

என்ன கொண்டுபோவது? என்னிடம் தொலைநோக்கி இல்லையே.

தொலைநோக்கி இருந்தால் நல்லது, இரண்டு வீட்டுக்கு ஒன்று போதும். இல்லாவிட்டாலும் போங்கள்; பாதிப் பறவைகள் கட்டுக்கு அருகிலேயே மேய்கின்றன. தொப்பி, தண்ணீர், சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர், உட்காரப் பழைய பாய், ஒரு கொப்பி, பேனை. வெள்ளை, சிவப்பு உடுப்பு வேண்டாம். மங்கிய நிறம் உடுத்துங்கள். வாசனைத் திரவியம் பூசி வந்த மச்சானைச் சுற்றி அன்று முழுவதும் பூச்சிகள் மொய்த்ததைத் தவிர வேறு உயிரினம் எதுவும் வரவில்லை.

சாப்பாட்டைப் பையின் அடியில் வைத்துக் கட்டுங்கள். எங்கள் பிட்டுப் பொட்டலத்தை ஒரு தாய்க் குரங்கு எடுத்துக்கொண்டு மருத மரத்தில் ஏறி, கறியை வழித்து எறிந்துவிட்டுப் பிட்டை மட்டும் குட்டியோடு தின்றதை ஐந்து பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது? எல்லாம் கொக்குத்தானே!

இதைக் கேட்காதவர் இல்லை. வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு என்று நாம் பழகிவிட்டோம். ஒரு பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். எருமையின் காலோரம் நடப்பது உண்ணிக்கொக்கு; எருமை கிளப்பும் வெட்டுக்கிளிதான் அதற்கு வேண்டும். பக்கத்தில் சாம்பல் கலந்த வெள்ளையாக நிற்பது நத்தைகுத்தி நாரை. அதன் அலகைக் கவனியுங்கள். நுனி பொருந்தியிருக்கும், நடுவில் ஒரு வெளி இருக்கும். பாக்குவெட்டியை முழுதாக மூடாமல் பிடித்த மாதிரி. சேற்றுக்குள் இருந்து நத்தையை எடுத்து, அலகு நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதையை அறுத்து இழுக்கும். ஓட்டை உடைப்பதில்லை. அது மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் முழு ஓடுகள் வெறுமையாகக் கிடக்கும், பிள்ளைகளைப் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு மேலே பாம்பு போல ஒரு கழுத்து மட்டும் நீந்தினால் பயப்பட வேண்டாம், அது பாம்புத்தாரா. உடம்பு முழுதும் தண்ணீருக்குள். மீனைக் கவ்வாது, ஈட்டி போலக் குத்தும். பிறகு பட்ட மரத்தில் ஏறிச் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும், நீர்க்காகமும் அப்படித்தான். அவற்றின் சிறகு தண்ணீரில் ஊறிப்போகும், கொடியில் சேலை காயப்போடுவது போலக் காயப்போட்டே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீளவால் இலைக்கோழி. தாமரை இலைமேல் நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம், பாரம் பரவிவிடுவதால் இலை அமிழாது. பெண் முட்டையிட்டுவிட்டு வேறு ஆணிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். இதைச் சொன்னதும் சித்தி சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா தொலைநோக்கியால் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே இடத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா?

அலுக்கும். முதல் அரை மணி நேரம் கட்டாயம் அலுக்கும், பெரியவர்களுக்கும் அலுக்கும். நாம் வந்த சத்தத்தில் விலகிப் போனவை திரும்பி வர அந்த அரை மணி நேரம் தேவை. ஆட்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே சுற்றிக் கத்தி, ஆள் வந்திருக்கிறது என்று குளம் முழுவதற்கும் அறிவித்துவிடும். அது கத்துவதை நிறுத்தினால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். தூக்கணாங்குருவிக் கூடு இருந்தால் போதும், ஒரு மணி நேரம் போய்விடும். ஆண் பாதிக்கூடு பின்னி வைத்துக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே பார்த்துவிட்டுப் பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். எந்தக் கூட்டுக்கு எத்தனை பெண் வந்தது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

மத்தியானம் என்ன செய்வது?

சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மிருகங்களும் அதைத்தான் செய்கின்றன. பட்டிக்காரரிடம் எருமைத் தயிர் ஒரு முட்டி வாங்கினால் வெயிலுக்கு அதைவிட நல்லது வேறில்லை. நித்திரை வராதவர்கள் மருத மரக் கிளைகளைப் பார்க்கலாம். வெளவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிறகால் விசிறிக்கொண்டிருக்கும்.

மான் வற்றல், மரை வற்றல் அந்தப் பக்கம் கிடைக்கும் என்கிறார்களே?

என்னிடம் கேட்க வேண்டாம். 1937ஆம் ஆண்டிலிருந்து அதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பன்றிக்கும் மரைக்கும் கட்டும் கம்பித் தடத்தில் யானைக் குட்டியின் கால் அகப்பட்டு அழுகியதை ஒரு முறை பார்த்தவர் வற்றல் கேட்க மாட்டார்.

முதலை, பாம்பு எல்லாம் இருக்குமே?

இருக்கும். குளத்தில் இருப்பது பெரும்பாலும் சதுப்பு முதலை. வாவியிலும் ஆற்று முகத்திலும் அதைவிடப் பெரிய உவர்நீர் முதலையும் உண்டு. வாயைப் பிளந்துகொண்டு மணலில் கிடந்தால் அது கோபமல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. தூரத்தில் நின்று பார்க்க மிக நல்ல காட்சி. விதி ஒன்றுதான்: தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து கைகால் கழுவாதீர்கள், பாசி படர்ந்த, ஆற்றுவாழை மூடிய கரையில் இறங்கவே வேண்டாம். கழுவப் போத்தல் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

பாம்புக்கு, பார்த்து நடப்பதும் மூடிய சப்பாத்துமே மருந்து. அறுவடைக் காலத்தில் வயல்வரம்பில் புடையன் அதிகம். எலியைத் தேடி வருகிறது. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. விஷமுறி மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

யானையைக் கட்டாயம் காட்டுவீர்களா?

கட்டாயம் என்று எதையும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன வறண்ட மாதங்களில், நாலரை மணிக்குப் பிறகு, மறுகரையைப் பார்த்திருங்கள். முதலில் காட்டோரம் ஒரு பாறை இடம் மாறியது போலத் தெரியும். பிறகு அந்தப் பாறைக்குப் பக்கத்தில் சின்னப் பாறை ஒன்று. தாய்களும் குட்டிகளுமாக வந்தால் அவசரப்படாமல் மேயும். புல்லைத் தும்பிக்கையால் சுற்றிப் பிடித்து, முன்னங்கால் நகத்தால் வேரோரம் தட்டிப் பிடுங்கும். பிடுங்கியதை உடனே வாய்க்குள் வைக்காது; முழங்காலில் இரண்டு மூன்று தரம் அடித்து மண்ணை உதறும். என் அம்மம்மா கீரைப்பிடியை அப்படித்தான் உதறுவார்.

கொம்பன் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இலங்கையில் ஆண் யானைகளிலும் நூற்றுக்கு ஏழு அளவில்தான் கொம்புள்ளவை. மற்றவை அலியன்கள். 2011இல் நாடு முழுவதும் எண்ணியபோது எல்லாமாக 5,879 யானைகள் இருந்தன.

பாதையில் யானை முன்னால் வந்துவிட்டால்?

அதனால்தான் ஐந்தரைக்குக் கட்டிலிருந்து இறங்கச் சொல்கிறேன். இருட்டிய பின் அந்தப் பாதைகள் யானையுடையவை. எதிர்ப்பட்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், பின்னால் எடுங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தனியாக நிற்கும் அலியன் காதை விரித்து, அசையாமல் உங்களையே பார்த்தால் அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை.

வாழைப்பழம் எறிவது பாவம். ஒரு முறை வாகனத்திலிருந்து தின்ற யானை அடுத்த வாகனத்தையும் மறிக்கும். கொடுக்காதவர் அடி வாங்குவார்.

எங்கள் மாமா வீட்டுச் சுவரை யானை உடைத்தது. நீங்கள் அதைப் போய் வேடிக்கை பார்க்கிறீர்களே?

நியாயமான கோபம். இதைக் கேட்டவர் படுவான்கரைக்காரர், பெரும்போகம் முழுவதும் காவல் வாடியில் யானை வெடியோடு நித்திரை விழித்தவர். அவருக்கு முன்னால் நான் யானையின் அழகைப் பேசுவதில்லை.

யானை பார்க்கப் போகிறவரால் ஊருக்குப் பாரம் கூடக் கூடாது என்பது என் கணக்கு. மாலையில் பாதையோரம் இருபது மோட்டார் சைக்கிள்கள் கூடிக் கூச்சலிட்டால், காட்டுக்குத் திரும்பும் வழி மறிபட்ட கூட்டம் அன்றிரவு வேறு பக்கமாக இறங்கும். அந்தப் பக்கத்தில் யாருடைய தோட்டமோ இருக்கும். நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே கட்டில், தூரத்தில், கொஞ்சப் பேர். முதல் நாள் இரவு யானை ஊருக்குள் வந்திருந்தால் அன்றைய பயணத்தை விட்டுவிடுவேன். தயிரும் வத்தகப்பழமும் அந்த ஊரிலேயே வாங்குங்கள். இதனால் சுவர் திரும்பக் கட்டப்படாது என்பதும் எனக்குத் தெரியும்.

படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடலாமா?

எடுக்கலாம். கூட்டுக்கு அருகே போகக் கூடாது. தாய்ப் பறவை எழும்பிப் போன இடைவெளியில் காகம் முட்டையை எடுத்துவிடும். கூடும் யானையும் இருக்கும் இடத்தைப் பெயர் சொல்லிப் போடாதீர்கள், காரணம் முந்திய பதிலில் இருக்கிறது. டிரோனைப் பூங்காக்களில் பறக்கவிட முடியாது. குளத்திலும் வேண்டாம், ஒரு நொடியில் ஆயிரம் பறவை எழும்பிவிடும்.

காயப்பட்ட பறவையையோ வேறு உயிரையோ கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு ஊட்ட வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் குமண, கல்லோயா, லகுகல பூங்காக்களுக்குப் போகத் தேவையில்லையா?

போங்கள், ஆனால் குளத்தில் ஒரு நாள் இருந்து கண் பழகிய பிறகு போங்கள். லகுகல சிறியது, 1,554 ஹெக்டேயர்தான். பொத்துவில் – மொனராகலை வீதியோரக் குளத்திலேயே வறண்ட காலத்தில் யானைகள் புல் மேய்வதைக் காணலாம். கல்லோயா 1954இல் பூங்காவானது. இங்கினியாகலையில் படகு ஏறிச் சேனநாயக்க சமுத்திரத்தில் போகலாம். தீவுக்குத் தீவு யானை நீந்துவதைப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான். தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்.

குமணவுக்கு ஜீப் வேண்டும், வாசல் உகந்தை முருகன் கோயிலுக்குப் பக்கம். அங்குள்ள வில்லு என்னும் சதுப்பு நீர்நிலையின் கண்ணாக்காட்டில் நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டும் காலம் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. போர்க்காலத்தில் நெடுநாள் மூடியிருந்து 2003இல் திறந்த இடம் அது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் அந்தக் காட்டினூடாக நடந்தே போகிறார்கள். பறவைகளைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

திரும்பும்போது இரவாகிவிடும். மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்க முடியுமா, அல்லது அது வெறும் கதையா?

சத்தம் உண்மை, எது பாடுகிறது என்பதில்தான் சண்டை. மீன் என்பார்கள், ஊரி என்னும் நத்தையினம் என்பார்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, நிலவு முழுதாக இருந்து, காற்றும் அலையும் அடங்கிய இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போக வேண்டும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம்.

நான் மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் பாலத்து வாகனங்களைத்தான் கேட்டேன். மூன்றாம் தடவை, நள்ளிரவுக்குப் பிறகு, ஈரமான கம்பியை விரலால் மெல்ல இழுத்துவிட்டது போல ஒன்று கேட்டது, நின்றது, திரும்பவும் கேட்டது. இன்னும் நன்றாகக் கேட்க ஒரு காலை வெளியே தொங்கவிட்டு விளிம்பில் சாய்ந்தேன். “காலை உள்ளே எடுங்கள் தம்பி, இந்தப் பக்கம் முதலை உண்டு” என்றார் தோணிக்கார ஐயா.